மதிலின் அகமும் புறமும்: கல்லறைத் தோட்டம் எழுப்பும் அறவினா

இறந்தோருக்கு இடம் மறுக்கும் உரிமை இருப்போருக்கு உண்டா என்னும் வினா அறவியலில் பழையது. இங்கிலாந்தின் சிற்றூர்த் தேவாலயங்களைச் சூழ்ந்துள்ள பழைய கல்லறைத் தோட்டங்களின் வாயில், மதில், கல் ஆகிய மூன்றையும் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தோட்டங்களின் கூரை வேய்ந்த நுழைவாயில் 'லிச் வாயில்' எனப்படும். பழைய ஆங்கிலத்தில் உடலைக் குறித்த சொல்லின் வழிவந்தது 'லிச்'. பாடையை இறக்கி வைத்துக் குருவானவரின் வரவுக்குக் காத்திருக்கும் இடம் அது. ஆயின் எல்லா உடல்களும் அங்கு ஒன்றுபோல் எதிர்கொள்ளப்படவில்லை. திருமுழுக்குப் பெறாதோர், திருச்சபையினின்று விலக்கப்பட்டோர், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் ஆகிய மூவகையினர்க்கும் 1662ஆம் ஆண்டின் பொது வழிபாட்டு நூல் அடக்கச் சடங்கை மறுத்தது. தற்கொலைக் குற்றம் சாட்டப்பட்டோரை நாற்சந்தியில் புதைக்கும் வழக்கமும் இருந்தது. 1823ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கை நிறுத்தி, அவர்களுக்குத் தோட்டத்தினுள் இடமளித்தது. எனினும் சடங்கின்றி, இரவு 9 மணிக்கும் 12 மணிக்கும் இடையிலேயே அடக்கம் நிகழவேண்டும் என்றது. இந்நேரக் கட்டுப்பாடு நீங்கியது 1882இல்தான். வாயில் திறந்ததெனினும் நெடுங்காலம் இருளிலேயே திறந்தது என்பது நோக்கத்தக்கது.

கால்நடைகள் புகாது காப்பது மதிலின் வெளிப்படையான பயன். அதுவே காலப்போக்கில் தகுதியுடையோரையும் தகுதியற்றோரையும் பிரிக்கும் எல்லையாகவும் கருதப்பட்டது. சமூகம் தன் நெறியை நிலைநிறுத்த இத்தகைய விலக்கு தேவை என வாதிடலாம். ஆனால் திருமுழுக்குக்கு முன்பே இறந்த குழந்தை எந்நெறியையும் மீறவில்லை. விடைகூற இயலாதவர்மீது விதிக்கப்படும் தண்டனை, அவரை இழந்து அழுவோர்மீதே விழுகிறது. எனவே அவ்வாதம் நிற்கவில்லை.

மதிலுக்குள் இடம்பெற்றோர் அனைவரும் பெயர் பெற்றோரும் அல்லர். செதுக்கிய கல் வசதியுடையோர்க்கே வாய்த்தது. ஏழையின் குழி புல்மேடாகிப் பின் தரையோடு தரையானது. இதற்குப் பக்கிங்ஹாம்ஷயரின் ஸ்டோக் போஜஸ் தோட்டம் பொருள்பொதிந்த சான்றாகும். பெயரற்ற சிற்றூர் மாந்தர்க்காகத் தாமஸ் கிரே 1751இல் வெளியிட்ட இரங்கற்பா இத்தோட்டத்தோடு மரபாக இணைத்துப் பேசப்படுகிறது. 1771இல் மறைந்த கிரே, தம் விருப்பப்படி இங்கே தாயின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். தாய்க்கான கல்வெட்டு வாசகத்தை எழுதியவர் அவரே; அக்கல்லில் அவர் பெயர் இல்லை. எதிரேயுள்ள தேவாலயச் சுவரில் பதித்த பலகையே அவர் துயிலுமிடத்தைச் சுட்டுகிறது. கல்லில் பெயரில்லாத கவிஞரைப் பாடலும் பலகையும் காக்கின்றன. அவரைச் சூழ்ந்து கிடக்கும் உழவர்க்கு அவ்விரண்டும் இல்லை. பெயரின்மை எல்லார்க்கும் ஒரே பொருளுடையதன்று என்பது இதனால் பெறப்படும்.

இன்று இம்மதில்களும் வாயில்களும் வரலாற்றுச் சின்னங்களாகப் பேணப்படுகின்றன. அது வேண்டற்பாலதே. ஆனால் அழகுக்காக மட்டும் பேணுவது பாதிக் கடமையே. அவை யாரை வெளியே நிறுத்தின என்பதும் உடன் சொல்லப்படவேண்டும். இறந்தோருக்கு இடம் மறுக்கும் உரிமை இருப்போருக்கு இல்லை. மறுத்ததன் சுவட்டை மறைக்கும் உரிமையும் இல்லை.