சூலையும் மனச்சோர்வும்

சைவாசிரியர்காள்! இல்லாள் தலைநோவென்கின்றாள், நெஞ்சு அடைக்கின்றதென்கின்றாள், உறக்கமுமில்லை. வைத்தியர் பலமுறை சோதித்து உறுப்பிற் குறையில்லையென்கின்றார். உடனே நாம், "எல்லாம் உன் பிராந்தி" என்று கூறிவிடுகின்றோம். என்னே கொடுமை! மனச்சோர்வென்னும் நோய் உடம்பிலும் மெய்யாகவே நோவை விளைக்கும். சோதனையில் அகப்படாமை நோயின்மையாகாது.

சூலையால் வருந்தித் திருவதிகையிலே தம் அடியில் வீழ்ந்த தம்பியாரைத் திலகவதியார் புறக்கணித்தாரல்லர். தேற்றித் திருநீறளித்துத் திருக்கோயிலுக்குத் தம்முடன் அழைத்துச் சென்றார். உடன் சென்றமையைக் கவனிக்க.

நீவிரும் திருநீறிடுக, மருந்தையும் விலக்கற்க. அது பயன்தர 2 முதல் 4 வாரஞ் செல்லலாம். வைத்தியர் சொல்லாமல் இடையில் நிறுத்தலாகாது. மனநோய் வைத்தியரிடம் நீவிரே உடன் செல்க. அந்நாள்களில் அடுக்களையையும் ஏற்க. வெண்கட்டி பிடித்த கை அகப்பை பிடித்தால் இழிவில்லை. அவள் நோவென்னும்போது, "எங்கே நோகின்றது?" என்று மாத்திரம் கேட்க.