பொதுநிலமும் கொடுத்த வாக்கும்

ஒருவருடைய உடைமையைப் பறித்தல் தீது என்பதை அறநூல்கள் யாவும் ஒப்புக்கொள்கின்றன. ஆயின், எவருக்கும் தனியுரிமையில்லாத ஒன்றைச் சிலர் நெடுங்காலம் நேசித்துப் பயன்படுத்திவர, அது பலரின் நன்மையைக் காரணங்காட்டி அவர்களிடமிருந்து எடுக்கப்படுமாயின், அங்கு அநீதி நிகழ்ந்ததா? உரிமையை மட்டும் நோக்குவோர் இல்லை என்பர். மனிதனுக்கும் இடத்துக்குமுள்ள உறவையும் கருதுவோர் அவ்வளவு எளிதில் விடை கூறார். அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், விக்டோரியா பூங்காவிலிருந்த பொதுக் கோல்ப் திடலின் வரலாறு இவ்வினாவுக்கு ஓர் உரைகல்லாக அமைகின்றது.

அத்திடல் 1931ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கோல்ப் பெரும்பாலும் வசதி படைத்த கழகத்தாரின் ஆட்டமாகவே கருதப்படுவது. மாநகரத் திடலோ அன்றைய கட்டணத்தைச் செலுத்திய எவரையும் ஏற்றுக்கொண்டது. 2019ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மாநகர முதல்வர் ஏட்றியன் ஷ்ரினர், அந்நிலம் பொதுப் பூங்காவாக மாற்றப்படும் என அறிவித்தார். 2021இல் திடல் மூடப்பட்டது. ஏறக்குறையத் தொண்ணூறு ஆண்டுக்காலப் பழக்கம் அத்துடன் முடிவுற்றது.

இம்முடிவுக்குச் சார்பான வாதம் வலிமையுடையது. கோல்ப் ஆட்டம் பரந்த நிலத்தை ஒரு நேரத்தில் மிகச் சிலருக்கே வழங்குவது. பந்து பறக்கும் வெளியில் பிறர் உலாவவோ குழந்தைகள் ஓடியாடவோ இயலாது. மிகப் பலரின் மிகப் பெரிய மகிழ்ச்சியே அறத்தின் அளவுகோல் எனக் கொண்ட பெந்தாமின் கணக்கில் பூங்காவே வெல்லும். எனினும், ஒருவரின் இழப்பைவிடப் பிறரின் பேறு பெரிதென்று காட்டுவதனால் அவ்விழப்பு இல்லாததாகிவிடாது. பலருக்குப் பொதுவானது மிகக் குறைந்த பேணுதலையே பெறுகின்றது என்றார் அரிஸ்ரோட்டில். அங்ஙனமாயின், பொதுவான ஓரிடத்தைத் தமதெனக் கருதி நேசிப்போர் சமுதாயத்துக்குப் பகைவரல்லர். பொதுமையைப் பேணுவோர் அவர்களே. அவர்களுக்கு அந்நிலத்தை என்றும் வைத்திருக்கும் உரிமை இல்லாதிருக்கலாம். ஆனால், அது ஏன் எடுக்கப்படுகின்றது என்பதற்கு உண்மையான காரணத்தைப் பெறும் உரிமை உண்டு. பிரிஸ்பேனில் கூறப்பட்ட காரணம், யாவருக்குமான பூங்கா என்பது.

பின்னர் நிகழ்ந்ததே சிந்தனைக்குரியது. 2021 யூலையில், 2032ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளை நடாத்தும் பொறுப்பு பிரிஸ்பேனுக்குக் கிடைத்தது. 2024 ஒக்டோபர் தேர்தலின்போது, புதிய விளையாட்டரங்கு கட்டப்படமாட்டாது என டேவிட் கிறிசபுல்லி உறுதி கூறினார். அத்தேர்தலில் வென்று குயின்ஸ்லாந்து மாநில முதல்வரான அவரே, 2025 மார்ச் மாதத்தில் 63,000 இருக்கைகள் கொண்ட அரங்கு விக்டோரியா பூங்காவில் அமையும் என அறிவித்தார். அதே ஆண்டு யூனில், ஒலிம்பிக் அரங்குகளை வழமையான திட்டமிடற் சட்டங்களிலிருந்து விலக்கும் சட்டமும் நிறைவேறியது.

பூங்காவென வாக்களித்தது மாநகரசபை. அரங்கு என முடிவு செய்தது மாநில அரசு. ஒருவர் வாக்கு மற்றவரை எங்ஙனம் கட்டும் எனச் சிலர் வினவலாம். ஆயின், இரு சபைகளும் பொதுமக்களின் பெயராலேயே பேசின. இழந்தவர்கள் அப்பெயரை நம்பியே இழப்பை ஏற்றனர். அரங்கும் பலருக்கு மகிழ்ச்சி தருவதன்றோ எனவும் வினவலாம். உண்மையே. ஆனால், நாள்தோறும் புதிதாகத் தொடங்கும் பயன்கணக்கில் நேற்றைய இழப்புக்கு மதிப்பில்லை. ஆட்டத்தைவிடப் பூங்கா பெரிது, பூங்காவைவிட அரங்கு பெரிது என அக்கணக்கு தொடருமாயின், எப்பொதுநிலமும் நாளைய பெருநன்மைக்காக இன்று காத்துக்கிடக்கும் வெற்றுநிலமாகவே எஞ்சும்.

இவ்வரலாற்றுக்கு இன்னும் ஆழமான ஓர் அடுக்கு உண்டு. அந்நிலத்தின் பழம்பெயர் பரம்பின். அது ஆதிக்குடிகள் கூடி வாழ்ந்த இடம். 1840களில் அவர்கள் அங்கு ஆயுதத் தாக்குதலுக்கு உள்ளாயினர். எனவே, 1931இல் 'பொது' எனப்பட்டதே ஒரு விலக்கலின்மீது எழுந்தது. இதனால் ஆட்டக்காரரின் துயர் பொய்யாகிவிடாது. மாறாக, தமக்கு நேர்ந்தது அந்நிலத்தில் முதன்முறையாக நேர்ந்ததன்று என்பதை அவர்கள் உணர இது வழிசெய்யும். 2025இல் ஆதிக்குடி மக்களின் சார்பில் அந்நிலத்தின் மரபைக் காக்கக் கூட்டாட்சி அரசிடம் விண்ணப்பிக்கப்பட்டபோது, எல்லோருக்கும் முன் இழந்தவரின் குரல் எல்லோருக்கும் பின் ஒலித்தது.

பொதுநிலத்தின் பயன் மாறவே கூடாது என்பது இதனாற் பெறப்படுவதன்று. மாறாத ஊர் உலகில் இல்லை. ஆனால், பொதுநன்மையின் பெயரால் ஒருவரிடமிருந்து ஒன்றை எடுப்பவர் அந்நன்மைக்குக் கடன்பட்டவராகின்றார். கூறிய காரணம் கைவிடப்படும்போது, எடுத்தது மட்டும் நியாயமாக நின்றுவிடாது. இழந்தவரிடம் மீண்டும் சென்று, மீண்டும் காரணங்கூறி, அவர்தம் இசைவை மீண்டும் நாடவேண்டியது கடமையாகின்றது. அக்கடமையை மறந்த சமுதாயத்தில் அடுத்த முறை பொதுநன்மைக்காக எவரும் மனமுவந்து எதனையும் விட்டுக்கொடார். நிலத்தினும் பெரிய இழப்பு அதுவேயாகும்.