ஓரியின் அம்பும் ஆயிரம் படிகளும்

கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்குப் போகிற வழி தலைகீழானது. மற்ற மலைகளில் ஏறிவிட்டு இறங்குவோம். இங்கே அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழ்நோக்கிப் போகின்றன. அடியில், ஏறக்குறைய 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது. குளித்து முடித்து, ஈரத் தலையும் பசித்த வயிறுமாக அதே படிகளில் ஏறி வர வேண்டும். பரிசை முதலில் கொடுத்துவிட்டு வேலையைப் பிறகு வாங்கிக்கொள்ளும் இடம். பிள்ளைகளை மலைக்கு நடத்திக் கூட்டிப்போவதில் என்னென்ன சிக்கல் உண்டோ அத்தனையும் அந்தத் திரும்பும் ஏற்றத்தில் இருக்கிறது.

என் மகளும் அக்கா மகனும் இறங்கும்போது குதித்தே இறங்கினார்கள். ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மகள் படியில் உட்கார்ந்துவிட்டாள். “கால் வலிக்குதும்மா. தூக்கு.” சிறிது நேரம் கழித்து ஒரு ஓணான் கைப்பிடிச் சுவரில் ஓடியது. அதே கால் அதன் பின்னாலேயே விறுவிறுவென்று படியேறியது. இதைப் பார்த்துவிட்டுப் பெரியவர்கள், “பாத்தியா, சும்மா நடிக்குது” என்பார்கள். நடிப்பில்லை. வலியும் உண்மை, ஓட்டமும் உண்மை. நமக்கு வலி காலில் மட்டும் இருக்கிறது. பிள்ளைக்கு, அடுத்து என்ன என்று தெரியாத இடத்தில் அது கூடிவிடுகிறது.

*

“இன்னும் எவ்வளவு தூரம்?”

எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற கேள்வி. எல்லாப் பெற்றோரும் சொல்கிற பதில்: “இதோ வந்துருச்சு கண்ணு.” வந்திருக்காது. இரண்டாம் முறையும் அதையே சொல்வோம். மூன்றாம் முறை பிள்ளை கேட்காது, உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு நாம் உண்மையைச் சொன்னாலும் அதன் காதில் ஏறாது.

கிலோமீட்டர் சொல்லியும் பயனில்லை. ஏழு வயதுக்காரிக்கு இரண்டு கிலோமீட்டரும் இருபது கிலோமீட்டரும் ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வளைவு. அந்த மஞ்சள் சுவர். அங்கே போனதும் அடுத்தது.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையை வகுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது என்று அங்கே நடக்கும்போதெல்லாம் நினைப்பேன். சுற்று 14 கிலோமீட்டர். வழியில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள்: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன். பிள்ளைக்கு 14 கிலோமீட்டர் இல்லை, அடுத்த லிங்கம் மட்டும்தான். ஒவ்வொன்றிலும் நின்று, நெற்றியில் விபூதி வைத்து, விரலை மடக்கிக்கொள்ளலாம். பக்திக்காக அமைத்ததுதான், ஆனாலும் நடக்கிறவரின் காலை அறிந்து அமைத்தது. நெடுஞ்சாலை ஓரத்து மண்டபங்களும் சுமைதாங்கிக் கற்களும் அப்படித்தான். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவி இல்லாமல் இறக்கி வைக்கிற உயரத்தில் அந்தக் கல் இருக்கும். எங்கே களைப்பு வரும் என்று ஒருவர் முன்கூட்டி யோசித்திருக்கிறார்.

இன்னொன்று: அண்ணாமலை நடக்க நடக்க உருவம் மாறும் மலை. ஒரு பக்கம் ஒற்றைக் கூம்பு, இன்னொரு பக்கம் பல முகடுகள். “இப்ப எப்படித் தெரியுது?” என்று கேட்டுக்கொண்டே போகலாம். பௌர்ணமிக் கூட்டத்தில் இது நடக்காது. அங்கே பிள்ளைக்குத் தெரிவது பெரியவர்களின் முதுகு மட்டும்தான். சாதாரண நாள், விடியற்காலை. வெறுங்காலில் நடக்கும் வழக்கம் அங்கே உண்டு என்பதால் வெயில் ஏறிய தார்ச்சாலையில் பிள்ளையைக் கூட்டிப்போவது கொடுமை.

*

திரும்பவும் கொல்லிமலைப் படிகள்.

கொல்லிமலை, சங்ககால மன்னன் வல்வில் ஓரியின் மலை. வன்பரணர் புறநானூற்றில் அவன் வேட்டையைப் பாடியிருக்கிறார். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தியது, வாய் பிளந்த புலியைக் கொன்றது, மானை உருட்டியது, பன்றியைச் சாய்த்தது, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பின் மேல் போய்த் தைத்து நின்றது. ஐந்து விலங்குகள். ஏறும் வழியை நான் ஐந்தாகப் பிரித்துக்கொண்டேன். முதல் இளைப்பாறலில் யானை மட்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

“அப்புறம் சித்தி?”

“அப்புறம் அந்தத் திருப்பத்துல.”

புலி வரைக்கும் கதையின் ஆசை அவர்களை ஏற்றியது. அதற்குப் பிறகு கதையும் தேவைப்படவில்லை, சண்டை பிடித்துக்கொண்டது. யானையின் எலும்பைத் தாண்டி ஒரு அம்பு வெளியே வர முடியுமா? முடியாது என்றான் பையன். வயிற்றுப் பக்கம் விட்டிருந்தால் வரும் என்றாள் இவள். அப்படியே வந்தாலும் வேகம் குறைந்திருக்கும், புலிக்குள் போயிருக்காது. இல்லை, புலி வாயைத் திறந்து வைத்திருந்ததே, உள்ளே போக என்ன தடை? பன்றி வந்து சேர்ந்தபோது நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதையே கேட்கவில்லை. உடும்பை நான் சொல்லாமலேயே வைத்திருந்தேன். மேலே அன்னாசிப்பழக் கடை வந்த பிறகுதான் கேட்டார்கள்.

வேறு கதையாக இருந்தால் இப்படி இழுத்திருக்காது என்று நினைக்கிறேன். அந்த மலையிலேயே நடந்ததாகச் சொல்லப்படும் வேட்டை, பக்கத்துப் புதரைக் காட்டி “இங்க இருந்துதான் பன்றி வந்திருக்குமோ?” என்று கேட்க முடிந்தது. ஒவ்வொரு மலைக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. கிளம்புவதற்கு முன் பெரியவர்கள் தயார் செய்ய வேண்டியது அதைத்தான். மற்றவை பைக்குள் தானாக வந்து சேரும்.

*

நடக்கும்போது கதை சொல்வது நமக்குப் புதிதில்லை. முருங்கை மரத்திலிருந்து இறக்கிய உடலைத் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமாதித்தன் நடக்கிறான். வழி அலுக்காமலிருக்க வேதாளம் கதை சொல்கிறது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் பல்லாண்டுகள் அந்தத் தொடர் வந்தது. கையில் வாளும் தோளில் பிணமுமாக அரசன் நடக்கும் சங்கரின் ஓவியம் என் வயதுக்காரர்கள் எல்லோர் நினைவிலும் இருக்கும். அதைப் பார்த்த நாளில் பயந்தேன். இன்று பார்த்தால், தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு மலையிறங்கும் தகப்பனாகத்தான் தெரிகிறான்.

அந்தக் கதையில் அரசன் பேசக் கூடாது என்பது விதி. பேசினால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்குகிற பெரியவர்களுக்கும் ஏற்ற விதி இது. பிள்ளைதான் கதை சொல்ல வேண்டும், பெரியவர் வாய் திறந்தால் கதை முதலிலிருந்து. நாங்கள் விளையாடியதுண்டு. பிள்ளைகள் நம்மைப் பேச வைக்கச் செய்கிற குறும்பு கொஞ்சமில்லை.

*

சில சில்லறைக் குறிப்புகள்.

மலை நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும். “தண்ணி குடி, தண்ணி குடி” என்று நூறு தடவை சொல்லிக் குடிக்காத பிள்ளை, இதற்காகப் பாட்டிலைக் காலி செய்யும். வெயிலில் பிள்ளைகளின் உடம்பு சீக்கிரம் சூடேறும், தாகம் எடுப்பது விளையாட்டில் தெரியாது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும். சாப்பாடும் அப்படித்தான். நடுவில் ஒரு பெரிய கட்டுச்சோறு வைத்துக்கொள்வதைவிட, சட்டைப்பையில் கடலைமிட்டாய், பொரிகடலை. படியில் குரங்கு இருந்தால் கவரை வெளியே எடுக்கவே வேண்டாம்.

பிள்ளைக்கு அதற்கென்று ஒரு பை. 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை, பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. பள்ளிக்கூடத்தில் அதை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பது வேறு கதை. மலையில் நாம் மதிக்கலாம். 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோவே அதிகம். ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, பொறுக்கிய கல், விதை, இறகு போட இடம். சுமக்கிற பிள்ளைக்கு நடையில் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. அந்தக் கற்கள் கடைசியில் நம் பைக்குத்தான் வரும்.

கொல்லிமலைக்கு வண்டியில் போனால் வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருப்பார்கள். எண்ணிக்கொண்டே போகலாம் என்பது நல்ல யோசனைதான், வாந்தி வராத பிள்ளைக்கு. வந்துவிட்டால் அன்றைக்கே படி இறங்குவதை மறந்துவிடுங்கள்.

இன்னொரு பிள்ளை கூட இருக்க வேண்டும். அப்பா அம்மாவுக்காக நடக்காத தூரத்தை, தன்னைவிட இரண்டு வயது மூத்தவனுக்காக ஒரு பிள்ளை நடக்கும். மற்ற எல்லா உத்திகளையும்விட இது பலமானது. அதனால் நம் பெருமையும் கொஞ்சம் அடிபடும்.

*

பிள்ளையை முன்னால் விட்டால் நன்றாக நடக்கும். பின்னால் வருகிற பிள்ளைக்கு எப்போதும் தான் பிந்திவிட்டதாகவே தெரியும். முன்னால் போகிற பிள்ளை வழிகாட்டி. இது எல்லோரும் சொல்வது, உண்மையும்கூட. ஆனால் எல்லா மலையிலும் செய்யலாகாது. 2023 ஆகஸ்ட்டில் திருப்பதி அலிபிரி நடைபாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதற்குப் பிறகு பிற்பகலுக்கு மேல் சிறு பிள்ளைகளை அந்தப் பாதையில் விடுவதில்லை என்று தேவஸ்தானம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் ஏறும் பாதை அது, படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு. காடு காடாகத்தான் இருக்கிறது. அங்கெல்லாம் பிள்ளை இரண்டு பெரியவர்களுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும். வழிகாட்டிப் பதவியை நடுவில் இருந்துகொண்டே வகிக்கலாம்: எப்போது நிற்பது, எப்போது கிளம்புவது என்று உத்தரவிடுகிற வேலை.

*

ஒரு கட்டத்தில் பிள்ளைகள் பேசாமல் ஆகிவிடுகிறார்கள். களைப்பு என்று நினைத்து உடனே விளையாட்டைத் தொடங்கிவிடுகிறோம். விடுகதை, பாட்டுக்குப் பாட்டு, நிறம் சொல்லு. சில பெற்றோர் கைப்பேசியையே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அது களைப்பில்லை என்று தெரியும். களைத்த பிள்ளை தரையையும் உங்களையும் பார்க்கும். இந்தப் பிள்ளை வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கும். தொட்டதும் சுருண்ட மரவட்டை மறுபடி எப்போது விரியும் என்று காத்திருக்கும். மணலில் குழியானையின் குழிக்குள் ஒரு எறும்பு சறுக்கி விழுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். நாயுருவி ஒட்டிய பாவாடையிலிருந்து ஒவ்வொரு விதையாகப் பிய்த்துக்கொண்டிருக்கும்.

அப்போது பிள்ளைக்கு ஊக்கம் எதுவும் தேவையில்லை. அது வந்து சேர்ந்துவிட்டது. நாம்தான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம். அருவியோ உச்சியோ நம்முடைய ஏற்பாடு. கையில் கடிகாரம் இருப்பதும் நமக்குத்தான். மரவட்டைக்கு என்று ஒரு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டுக் கிளம்பினால் பாதித் தொல்லை தீர்ந்தது. அந்த ஒரு மணி நேரம் கையில் இல்லாத நாளில் பிள்ளையை மலைக்குக் கூட்டிப்போகாமல் இருப்பதே நல்லது.

இப்படிச் சொல்லிவிட்டு, எல்லா ஏற்றமும் இனிமையாக முடியும் என்று நம்பவைக்க எனக்கு விருப்பமில்லை. ஆகாய கங்கையின் கடைசிப் படிகளில் மரவட்டையும் கிடையாது, கதையும் கிடையாது. ஏறித்தான் ஆக வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு, பத்துப் படி ஏறி, நின்று, மறுபடி பத்து. அதை நேராகவே சொல்லிவிடலாம்: “இது கஷ்டமான இடம் சாமி. எனக்கும் வலிக்குது.” நமக்கும் வலிக்கிறது என்பது பிள்ளைகளுக்கு ஏனோ தெம்பு தருகிறது.

மேலே ஏறிப் போகிற மலைகளில் பாதியில் திரும்பிவிடலாம். திரும்புவது தோல்வி என்று முகத்தில் காட்டாமல் இருந்தால் போதும். அடுத்த முறை கூப்பிட்டால் வரும். ஆகாய கங்கையில் அந்த வசதி இல்லை. ஆகவே இறங்கும்போதே பிள்ளையின் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் சோர்ந்தால், அருவியின் இரைச்சல் மட்டும் கேட்கும் தூரத்திலிருந்தே திரும்புங்கள்.

*

கூட்டமாகப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேகமாக நடக்கிற அண்ணன்மார், சித்தப்பாக்கள் முன்னால் போய் ஒரு திண்டில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். கடைசியில் பிள்ளை மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், “வந்தாச்சா, சரி கிளம்பலாம்” என்று எழுந்துவிடுகிறார்கள். பத்து நிமிடம் ஓய்வெடுத்தவர்கள் அவர்கள். பிள்ளை வந்து உட்காரவே இல்லை. இப்படியே ஒவ்வொரு திருப்பத்திலும் நடந்தால், அந்தக் கூட்டத்திலேயே ஓய்வில்லாமல் மலையேறியது அந்தப் பிள்ளை ஒன்றுதான். தயவுசெய்து பிள்ளை வந்த பிறகு இன்னும் ஐந்து நிமிடம் உட்காருங்கள்.