கண்டும் பேசாதிருத்தல்

ஒருவன் செய்த வினைக்கு அவனே உரியவன், அதன் பயனுக்கும் அவனே வாரிசு என்று பௌத்த நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லுகின்றன. அப்படியானால், பலர் கூடி வேலை செய்யும் ஓரிடத்தில், அது ஆலையாயினும் பள்ளிக்கூடமாயினும் கச்சேரியாயினும், சூழ்நிலை கெட்டுப் போகும்போது யாரைப் பொறுப்பாளியாக்குவது? புறங்கூறுகிறவன் ஒருவன், அதைக் கேட்டுச் சிரிக்கிறவன் ஒருவன், காதில் விழாததுபோல் கணக்கெழுதிக்கொண்டிருப்பவன் ஒருவன். இவர்களில் மூன்றாமவன் வினையே செய்யவில்லையே என்று தர்க்கம் பேசலாம். இதற்கு விடை தேடுகிறவர்கள் தத்துவ கிரந்தங்களைவிட, பிக்ஷுக்களுக்கான விதிநூலாகிய விநய பிடகத்தைப் புரட்டுவது நலம் என்பது என் அபிப்பிராயம். பல குலங்களிலிருந்து வந்த மனிதர்கள் ஒரே கூரையின்கீழ் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு வாழ நேர்ந்தபோது மூண்ட சச்சரவுகளெல்லாம் ஒளிவுமறைவின்றி அதில் பதிவாகியிருக்கின்றன.

கோசாம்பி நகரத்துக் கோஷிதாராமத்தில் எழுந்த கலகம் அவற்றுள் பிரசித்தமானது. விநயத்தில் தேர்ந்த பிக்ஷு ஒருவரும் தர்மோபதேசத்தில் வல்ல பிக்ஷு ஒருவரும் அங்கே தத்தம் சீடர்களோடு வசித்து வந்தார்கள். உபதேசகர் ஒருநாள் கழிப்பிடத்துப் பாத்திரத்தில் மிச்ச நீரைக் கொட்டாமல் வைத்துவிட்டு வந்தார் என்று உரையாசிரியர்கள் கூறுகிறார்கள். பின்னால் சென்ற விநயதரர் அது குற்றமென்றார்; குற்றமாயின் பரிகாரம் செய்துகொள்கிறேன் என்றார் உபதேசகர்; நினையாமல் செய்ததாயின் குற்றமில்லை என்று விநயதரரே சமாதானமும் சொல்லிவிட்டார். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் விநயதரர் தம் சீடர்களிடம் போய், அந்த மனிதர் குற்றம் செய்தும் குற்றமென்று உணராதவர் என்று பேசினார். அந்தச் சீடர்கள் அதை எதிர்ப்பக்கத்துச் சீடர்களிடம் சொன்னார்கள். அவர்கள் தங்கள் குருவின் காதில் போட்டார்கள். முன்பு இல்லையென்று இப்போது உண்டென்பவர் பொய்யர் என்றார் குரு. பிறகு விலக்கிவைக்கும் தண்டனையும், கட்சியும், கைகலப்பும் வந்தன. புத்தரே வந்து சமாதானம் சொன்னபோது, பெருமான் அமைதியாக இருக்கட்டும், இந்தச் சண்டைக்கு நாங்களே பெயர் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு பிக்ஷு துணிந்து சொல்லிவிட்டார். இதில் இரண்டு ஆசிரியர்களுடைய பிழையைவிட என் மனத்தில் தைப்பது, இடையில் சொல்லைச் சுமந்து சென்ற சீடர்களின் பங்கு. அவர்களில் எவராவது ஒருவர், ஐயனே, இதை அவரிடமே நேரில் சொல்லலாகாதா என்று கேட்டிருந்தால் போதும். எவரும் கேட்டதாக எந்த நூலிலும் இல்லை.

புத்தர் அவர்களை விட்டுத் தனியே புறப்பட்டார். வழியில் அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் வசித்த மூங்கிற் காட்டை அடைந்தார். அங்கே பிக்ஷை ஏற்று முதலில் திரும்புகிறவர் ஆசனமிட்டு நீர் எடுத்து வைப்பார். கடைசியில் வருகிறவர் பாத்திரங்களைக் கழுவிப் பெருக்கிவிடுவார். நீர்க்குடம் வெறுமையாயிருக்கக் கண்டவர் எவராயினும் அவரே நிரப்புவார். தூக்க முடியாவிடில், வாய் திறவாமல் கையசைத்து மற்றொருவரை அழைத்துக்கொள்வார். இந்த ஒழுங்கைக் கேட்டுப் புத்தர் மகிழ்ந்தார்.

இத்தோடு நிறுத்தினால், அவரவர் வேலையை அவரவர் முணுமுணுக்காமல் செய்தால் போதும் என்ற சுலபமான முடிவுக்கு வந்துவிடலாம். ஆனால் விநயம் வேறொரு கதையும் சொல்லுகிறது. கோசல நாட்டில் சில பிக்ஷுக்கள், சண்டையில்லாமல் மழைக்காலத்தைக் கழிக்க விரும்பி, மூன்று மாதமும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று தீர்மானித்தார்கள். அதே ஆசனம், அதே குடம், அதே கையசைப்பு. ஏறக்குறைய அதே வாசகங்களில் இவர்களுடைய வாழ்க்கையும் வருணிக்கப்படுகிறது. சுகமாயிருந்தோம் என்று அவர்கள் வந்து சொன்னபோது புத்தர் கடிந்துகொண்டார். ஆடுகள் ஒன்றாகப் பட்டியில் அடைந்து கிடப்பதைப் போல வாழ்ந்துவிட்டுச் சுகம் என்கிறீர்களா என்பது அவர் கண்டனத்தின் சாரம். அநுருத்தர் முதலிய மூவரோ ஐந்தாம் இரவுதோறும் விடிய விடிய அமர்ந்து தர்மத்தைப் பேசினார்கள். குடம் இரண்டு இடத்திலும் நிரம்பித்தான் இருந்தது.

அந்தக் கண்டனத்தின் விளைவாகப் பிறந்ததே பவாரணை என்னும் சடங்கு. மழைக்கால வாசத்தின் முடிவில் சங்கம் கூடும்போது, ஒவ்வொரு பிக்ஷுவும் குந்தியிருந்து கைகூப்பி, என்னிடம் கண்டதோ கேட்டதோ ஐயுற்றதோ யாதேனும் குறையிருந்தால் கருணையோடு சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று மும்முறை வேண்டிக்கொள்ள வேண்டும். மூத்தவர் குந்தியிருக்கச் சிலர் ஆசனத்திலேயே சாய்ந்திருந்ததால், எல்லாரும் குந்தியிருக்க வேண்டுமென்று விதி செய்தார்கள். கடைசி ஆள்வரை குந்தியிருந்த கிழவர் ஒருவர் மயங்கி விழவே, அவரவர் முறை முடியும்வரை போதும் என்று தளர்த்தினார்கள். குறை சொல்லுகிறவனுக்கும் நிபந்தனை உண்டு: காலமறிந்து, உண்மையாக, மென்மையாக, பயன் கருதி, அன்போடு சொல்ல வேண்டும். இந்த ஐந்தையும் வைத்து நிறுத்தால் நம் அலுவலகப் பேச்சில் பெரும்பகுதி தேறாது. எப்படியாயினும் மூன்றாமவனுக்கு இங்கே பதில் கிடைத்துவிடுகிறது. பிறன் வினை அவன் தலையில் ஏறுவதில்லை. ஆனால் கேட்கப்பட்ட பின்னும் அவன் காத்த மௌனம் அவனுடைய சொந்த வினையாகிவிடுகிறது.

கேட்கப்பட்ட பின் என்பதுதான் முக்கியம். சிராவஸ்தியின் பூர்வாராமத்தில், ஐந்நூறு பிக்ஷுக்களின் நடுவே, புத்தர் தாமே முதலில், என் உடலாலோ வாக்காலோ நேர்ந்த குறை எதையேனும் கண்டீர்களா என்று கேட்டதாக சம்யுத்த நிகாயம் கூறுகிறது. சாரிபுத்திரர் எழுந்து ஒன்றுமில்லை என்று பதிலளித்து, பிறகு தம்மைப் பற்றிக் கேட்டார். ஒன்றுமில்லை என்ற பதிலைவிட அந்த வரிசையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சங்கத்தையும் ஆலையையும் ஒன்றாகப் பேசலாமா என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம், நியாயமான ஆட்சேபம். பிக்ஷுவுக்குச் சம்பளமில்லை, பிழைப்புப் போய்விடும் என்ற பயமுமில்லை. மேஸ்திரியின் வசைமொழியைப் பற்றி மானேஜரிடம் சொல்லப் போகிற தொழிலாளியோ தன் வீட்டு அரிசிப்பானையைப் பணயம் வைத்துத்தான் போகிறான். ஆகையால் பொறுப்பு எல்லாருக்கும் சமம் என்று மேடையில் பேசுகிற முதலாளியிடம் எனக்குச் சந்தேகம் உண்டு. பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஆனால் சமமாக இல்லை. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனங்களில் இரு தரப்பாரும் உட்கார்ந்து பேசும் கமிட்டியை அமைக்கச் செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் தந்தது; தொழிலாளர் பிரதிநிதிகள் எண்ணிக்கையில் குறையலாகாதென்றும் விதித்தது. நல்ல சட்டம்தான். ஆனால் மானேஜர் முதலில் எழுந்து, என்னிடம் கண்ட குறை யாது என்று கேட்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் விதிக்க முடியாது. அப்படி அவர் கேட்டு, ஒருவன் எழுந்து சொல்லியும்விட்டால், அடுத்த வருஷம் அவனுக்குச் சம்பள உயர்வு கிடைக்கிறதா என்பதை மற்றத் தொண்ணூற்றொன்பது பேரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.