கடன்பட்ட குரல்

சென்ற மாதம் என் அக்காள் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். கல்லூரியில் படிக்கிறவள், பாட்டென்றால் சோறு வேண்டாம் அவளுக்கு. ஒரு நாள் மாலை, நான் பத்திரிகைக்குக் கதை எழுத முடியாமல் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்த சமயத்தில், கைபேசியை என் முகத்துக்கு எதிரே நீட்டினாள்.

"இதைப் பாருங்க மாமா."

பார்த்தேன். அமெரிக்காவின் பெரிய டெலிவிஷன் மேடை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். பின்னணியில் பியானோ. சிறு வயதில் தன்னை விட்டுப் போய்விட்ட தகப்பனைப் பற்றிய பாட்டு. அவளும் சேர்ந்து எழுதியது என்று மருமகள் சொன்னாள். பாடப் பாடக் குரல் உடைந்தது. நடுவராக உட்கார்ந்திருந்த ஆண்மகனும் அழுதார்.

"இவங்க கெல்லி கிளார்க்ஸன். இது 2016லே. அதுக்குப் பதினாலு வருஷம் முன்னாடி இதே போட்டியிலேதான் ஜெயிச்சாங்க. ஆனா நடுவிலே இவங்களை நன்றி கெட்டவங்கன்னு பேசினாங்களாம். நெஜமா மாமா?"

நன்றி கெட்டவள்! நம் மொழியில் இதைவிடக் கொடிய வசவு அதிகம் இல்லை. திருடனைக்கூட 'பசிக்குத் திருடினான்' என்று மன்னிக்கிறோம். மற்றப் பாவங்களுக்கெல்லாம் ஏதோ ஒரு வழி விட்டுவைத்த வள்ளுவரே இதற்கு மட்டும் கதவைச் சாத்திவிட்டார். ஆகவே மருமகளுக்குச் சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'விசாரித்துச் சொல்கிறேன்' என்றேன். எழுத்தாளன் என்று பெயர் வைத்துக்கொண்டால் இப்படி ஒரு தவணை வாங்குகிற சலுகை உண்டு.

விசாரித்தேன். டெக்ஸாஸில் பர்ல்ஸன் என்ற ஊரில் வளர்ந்த பெண். ஆறு வயதில் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். பாட்டுக்காக லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போய், குடியிருந்த இடம் தீப்பற்றி எரிந்துபோக, ஊருக்கே திரும்பி வந்து கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர். 2002இல் 'அமெரிக்கன் ஐடல்' என்ற போட்டியின் முதல் ஆண்டில் கலந்துகொண்டார். பத்தாயிரம் பேருக்கு மேல் வந்து நின்ற போட்டி அது. இறுதி நாளில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வாக்குகள் விழுந்தன; அவற்றில் 58 சதவீதம் இந்த இருபது வயதுப் பெண்ணுக்கு. போட்டி முடிந்ததும் வெளிவந்த அவருடைய முதல் தனிப்பாட்டு, அமெரிக்கப் பாட்டு வரிசையில் 52ஆம் இடத்திலிருந்து ஒரே வாரத்தில் முதல் இடத்துக்குத் தாவியது. 1964லிருந்து பீட்டில்ஸ் வைத்திருந்த சாதனை அதனால் முறிந்தது. அந்தப் பாட்டை எழுதியவர்கள் வேறு ஆட்கள்.

மறு வருஷம், 2003இல், முதல் ஆல்பம் வந்தது. அதற்கு என்ன பெயர் தெரியுமா? 'தாங்க்ஃபுல்'. நன்றியுள்ளவள் என்று பொருள். இருபது வயதில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு எழுத்தெல்லாம் அழகாகத்தான் தெரியும்.

அதே 2003இல், போட்டியில் இரண்டாவதாக வந்த வாலிபரோடு சேர்ந்து அவரை ஒரு சினிமாவிலும் நடிக்க வைத்தார்கள். தமக்கு விருப்பமே இல்லை, ஒப்பந்தம் கட்டிப்போட்டதால் நடித்தேன் என்று பிற்பாடு அவர் சொல்லியிருக்கிறார். படம் படுத்துவிட்டது. இதை நான் பெரிய அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தம் போட்டால் வேலை செய்துதான் ஆக வேண்டும். இசைத்தட்டுக் கம்பெனி தர்ம சத்திரம் அல்ல.

என் மனம் நின்றது வேறோர் இடத்தில். பதினாறு வயதில், பெற்றோர் பிரிந்த வேதனையை வைத்து அந்தப் பெண் ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தார். முதல் ஆல்பத்துக்கு அதைக் கொடுத்தார், வேண்டாம் என்றுவிட்டார்கள். இரண்டாவது ஆல்பத்துக்காக, வேறு இருவரோடு சேர்ந்து அதைச் செப்பனிட்டு மறுபடி கொண்டுபோனார். அப்போது கம்பெனியின் தலைவராக இருந்தவர் க்ளைவ் டேவிஸ். ஜானிஸ் ஜாப்ளினையும் விட்னி ஹூஸ்டனையும் உலகுக்குக் காட்டிய மனிதர், காது கூர்மையானவர். 2013இல் அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, தாம் தேர்ந்தெடுத்த பாட்டுகளைச் சேர்க்கக் கூடாதென்று கிளார்க்ஸன் தம் அறையில் விம்மி அழுததாக எழுதினார். கிளார்க்ஸன் உடனே பகிரங்கமாக மறுத்தார். தாம் அழுதது, இதயத்திலிருந்து எழுதிய சொந்தப் பாட்டைப் போட்டுக் காட்டிய அன்று. உனக்கு எழுத வராது, நான் தருகிற வரங்களுக்கு நீ நன்றியோடு இருக்க வேண்டும், எதுகைகூட இல்லாத இதை விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பாடு என்ற பொருள்படச் சொல்லப்பட்ட அன்று, என்றார். டேவிஸ் தாம் எழுதியதே உண்மை என்று நின்றார். அறைக்குள் நடந்ததற்கு நாம் சாட்சி இல்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டு எப்படிப் பாடுவது என்பதை மட்டும் யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்!

டேவிஸின் பக்கமும் நியாயம் இல்லாமல் போகவில்லை என்பதுதான் இந்த விவகாரத்தின் சிக்கல். 2004இல் வந்த அந்த இரண்டாவது ஆல்பம் உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. அதை முன்னே இழுத்துக்கொண்டு போனவற்றில் ஒன்று, பிறர் எழுதி டேவிஸ் விரும்பிச் சேர்த்த பாட்டு. 2006இல் அதற்கும் ஆல்பத்துக்குமாக இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. மேடையில் அழுதுகொண்டே கிளார்க்ஸன் பலருக்கு நன்றி சொன்னார். போட்டியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. பத்திரிகைகள் அதைக் குறித்துக்கொண்டன. நன்றி கெட்டவள் என்ற பேச்சு கிளம்பிய இடம் அதுவே. அவர் எழுதி, இரண்டு முறை முகத்தைச் சுளித்து வாங்கப்பட்ட அந்தப் பதினாறு வயதுப் பாட்டும் அதே ஆல்பத்தில் இருந்தது. அதுவும் பெரும் வெற்றி பெற்றது. ஆக, அவரும் சரி, அவரை அடக்கியவரும் சரி. நமக்கு உபகாரம் செய்தவன் முழு மூடனாக இருந்துவிட்டால் எவ்வளவு சௌகரியம்! பாதிக்குப் பாதி அவன் சொல்வது சரியாக இருப்பதால்தான் நம் கழுத்தில் கயிறு இறுகுகிறது.

2007இல் அவர் 'மை டிசம்பர்' என்ற ஆல்பத்தைப் பிடிவாதமாக வெளியிட்டார். எல்லாப் பாட்டிலும் அவருடைய எழுத்துப் பங்கு இருந்தது. கம்பெனிக்குப் பிடிக்கவில்லை, சண்டை ஊரறிய நடந்தது. டிக்கெட் விற்காததால் பெரிய அரங்குகளில் நடக்கவிருந்த சுற்றுப்பயணம் ரத்தாயிற்று. விற்பனை முந்தியதன் பக்கத்தில்கூட வரவில்லை. அடுத்த மாதமே டேவிஸை மதிப்பதாக ஓர் அறிக்கை விட்டார். இலையுதிர் காலத்தில் சிறிய அரங்குகளுக்குப் போய் அந்தப் பாட்டுகளையே பாடினார். அந்தச் சிறிய அரங்குகளைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

கர்ணன் கதையை நம்மவர்கள் குருக்ஷேத்திரத்திலிருந்து சொல்வார்கள். எனக்கு அது தொடங்குவது அரங்கேற்ற மைதானத்தில். அதுவும் ஒரு திறமைப் போட்டிதானே? ஊரார் சூழ்ந்திருக்க, பெயர் தெரியாத ஓர் இளைஞன் வந்து வில்லை வளைக்கிறான். உன் குலம் என்ன என்று கேட்டுத் தலைகுனிய வைக்கிறார்கள். துரியோதனன் எழுந்து, இந்தா அங்க தேசம் என்று முடி சூட்டுகிறான். இதற்குக் கைம்மாறாக என்ன தரட்டும் என்று கேட்கிறான் கர்ணன். உன் சிநேகம் போதும் என்கிறான் துரியோதனன். இவ்வளவு மலிவாகத் தொனித்த விலை அவ்வளவு பெரிய விலையாக முடிந்தது. 1964இல் திரைப்படம் வந்த பிறகு செஞ்சோற்றுக் கடன் என்ற சொல் நம் வீடுகளில் ஒரு வேதவாக்காகவே ஆகிவிட்டது. என் தாயார் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் அழுவாள்.

ஆனால் வியாசர் ஓர் இடம் வைத்திருக்கிறார். யுத்தத்துக்கு முன் கிருஷ்ணன் தனியே வந்து, ராஜ்யம் உனக்கு, என்னோடு வா என்று அழைக்கிறான். கர்ணன் மறுக்கிறான். துரியோதனனுக்காகப் போர் செய்யப்போவதற்கு அவன் வருந்தவில்லை. துரியோதனனைச் சந்தோஷப்படுத்துவதற்காகப் பாண்டவர்களைப் பார்த்துத் தான் பேசிய கடுஞ்சொற்களுக்காகத் தபிக்கிறேன் என்கிறான். தோளைக் கொடுத்தது அவனை உறுத்தவில்லை. நாக்கைக் கொடுத்தது உறுத்துகிறது. இந்த வித்தியாசத்தை எனக்குச் சொல்லித்தந்தவர் யாருமில்லை. நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இருபத்து மூன்று வயதில், கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு விட்டுவிட்டு, ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பத்திரிகையின் நாவல் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. ஆசிரியர் என்னை நேரில் அழைத்து, தம் பக்கத்தில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கேட்காமலே ஆள்வசம் பணம் அனுப்பினார். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியவரல்ல. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் பனிக்கும்.

இரண்டாவது நாவலில், கணவனை இழந்த பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி அண்ணன் வீட்டை விட்டு வெளியேறித் தனியே ஓர் அறை எடுத்துக்கொண்டு வாழ்கிறாள். அதோடு கதை முடிகிறது. ஆசிரியர் படித்தார். "தம்பி, அவளைத் திருப்பி அனுப்பிடு. நம்ம வாசகர்கள் தாங்க மாட்டாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். உரக்கக்கூடச் சொல்லவில்லை. அன்று இரவே பதினொரு பக்கங்களை எடுத்துவிட்டு, இரண்டு பக்கத்தில் அவளை அண்ணன் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து உட்கார்த்தினேன். கண்ணீர் மல்கப் படித்ததாகக் கடிதங்கள் வந்தன. ஒரே ஓர் அம்மாள் மட்டும் ஒரு தபால் கார்டில், 'அவள் ஏன் திரும்பி வந்தாள் என்று உங்களுக்காவது தெரியுமா?' என்று கேட்டிருந்தார். பதில் எழுதவில்லை.

கிளார்க்ஸனுக்கும் எனக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் செய்ததை என் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். சினிமாவில் நடித்தார்; பிறர் பாட்டுகளை உயிரைக் கொடுத்துப் பாடினார்; அந்த நிறுவனத்துக்கே 2015 வரை ஏழு ஆல்பங்கள் பாடிக் கொடுத்துவிட்டு, 2016இல்தான் வேறு நிறுவனத்துக்கு மாறினார். தோளால் தர வேண்டியது எல்லாவற்றையும் தந்தார். சொந்தச் சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காகக் காலி நாற்காலிகளையும் வசவையும் ஏற்றுக்கொண்டார். பிறகு அந்தப் போட்டியின் பதினைந்தாவது ஆண்டில், அதே மேடைக்கே வந்து நின்று, எந்த வீட்டுத் துக்கத்தைப் பாட வேண்டாமென்று ஆரம்பத்தில் ஒதுக்கினார்களோ அதே துக்கத்தைப் பாடினார். இதை நன்றிகேடு என்பவர்கள் நன்றி என்று எதைச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

மருமகளிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டு, "அப்போ உங்க டீச்சர், மாமா?" என்றாள். பெண் குழந்தைகளை அதிகம் படிக்க வைத்தால் இதுதான்.

அந்த ஆசிரியர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. சவ ஊர்வலத்தில் நானும் நடந்தேன். நாவலின் முதல் பக்கத்தில் அவர் பெயருக்குத்தான் சமர்ப்பணம். இப்போது பதிப்பாளர் புதுப் பதிப்புப் போடப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். பழைய காகிதங்களின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது, எழுத்து பிழைத்திருந்தது.

பதிப்பாளருக்கு டெலிபோன் செய்தேன். சமர்ப்பணம் இருந்தபடியே இருக்கட்டும், கடைசி அத்தியாயத்தை மட்டும் மாற்றி அனுப்புகிறேன் என்றேன். காகித விலையை நினைத்தாரோ என்னவோ, எத்தனை பக்கம் கூடும் என்று கேட்டார்.

ஒன்பது என்றேன்.