பழகிப் போனால் நியாயமாகிவிடுமா?

உலகத்தில் துன்பத்தை நீடித்து நிற்கச் செய்வதில், சாட்டையும் சிறையும் செய்த வேலையைவிட அதிகமான வேலையை ஒரு சிறு சொல் செய்திருக்கிறது. அச்சொல் “பழக்கம்” என்பதாகும். நண்பகல் வெயிலில் மண் வெட்டுபவனைக் கண்டால், “அவனுக்கு அது பழக்கம்” என்கிறோம். ஒழுகும் கூரையின் கீழ் ஆறேழு உயிர்கள் ஒண்டிக் கிடந்தால், “அவர்கள் பழகியவர்கள்” என்கிறோம். முதுகில் தகரத்தைச் சுமந்து களைக்கொல்லி மருந்து அடிக்கும் பெண்ணின் விரல் நகங்கள் கருத்து உதிர்ந்தாலும், “இருபது வருஷமாக அடிக்கிறாள், உடம்புக்குப் பழகிவிட்டது” என்று சொல்லி நடந்துவிடுகிறோம். இவ்வாறு சொல்லுகிறவர் யாவரும் கொடியவர் அல்லர். தம்முடைய இரக்கம் தம்மையே உறுத்தாதிருக்கும் பொருட்டு, பலர் இச்சொல்லைத் தேடி எடுத்துக்கொள்கின்றனர். அதைவிடப் பரிதாபம், துன்பப்படுகிறவர்களே அதைத் தம் வாயாலும் சொல்லக் கற்றுக்கொள்வதாகும்.

ஒரு ஜீவன் ஒரு கஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு வாழ்கிறது என்பதிலிருந்து, அக்கஷ்டம் அதற்குத் தகுந்ததே என்று முடிவு கட்டலாமா? இதுவே நாம் ஆராயப் புகும் கேள்வி. இதற்கு விடை காண விதியையும் முற்பிறப்பையும் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. ஒரு குட்டையும், அதில் முட்டையிடும் இரண்டு சிறு பிராணிகளும் போதும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில் கனெக்டிகட் என்ற மாநிலம் உள்ளது. குளிர்காலத்தில் அங்கே சாலைகள் பனி மூடி உறைந்துவிடும். வண்டிகள் வழுக்காதிருக்க, பனியை உருக்கும்படி சாலையெங்கும் உப்பைத் தூவுவார்கள். அந்த உப்பு, பனி கரையும் நீரோடு சேர்ந்து, சாலையோரக் குட்டைகளில் போய் இறங்கும். இளவேனிற் காலத்தில் அதே குட்டைகளைத் தேடி இரண்டு வகைப் பிராணிகள் முட்டையிட வருகின்றன. ஒன்று, பல்லியைப் போன்ற உருவமும் தவளையைப் போன்ற ஈரத் தோலும் கொண்ட புள்ளிச் சாலமாண்டர். மற்றொன்று, அந்நாட்டுக் காட்டுத் தவளை. நீரிலும் நிலத்திலும் வாழும் இவ்வினங்களின் முட்டைக்கு ஓடு கிடையாது. நீரில் உள்ளது எதுவாயினும் அது கருவைத் தொட்டே தீரும்.

யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்டீவன் பிரேடி என்ற சூழலியல் ஆராய்ச்சியாளர் இக்குட்டைகளில் ஓர் எளிய சோதனை செய்தார். சாலையோரக் குட்டைகளில் இடப்பட்ட முட்டைகளையும், சாலைக்கு எட்டாத காட்டுக் குட்டைகளில் இடப்பட்ட முட்டைகளையும் எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பங்கைப் பிறந்த இடத்திலும், மற்றொரு பங்கை அயலிடத்திலுமாக வைத்து வளர்த்தார். இவ்வாறு மாற்றி வைத்தால்தான், குற்றம் பிராணியிடத்தில் உள்ளதா, குட்டையிடத்தில் உள்ளதா என்பது தெரியவரும்.

சாலமாண்டரைப் பற்றிய முடிவை அவர் 2012 ஆம் ஆண்டில் வெளியிட்டார். சாலையோரக் குட்டைகளில் முதல் பத்து வாரங்களைத் தாண்டிப் பிழைத்தவை சராசரி நூற்றுக்கு 56. காட்டுக் குட்டைகளிலோ 87. ஆயினும் அந்த உப்புநீரில் காட்டுக் குஞ்சுகளைவிடச் சாலையோரக் குஞ்சுகளே அதிகமாகப் பிழைத்தன. சாலையோரத்து இனம் தலைமுறை தலைமுறையாக அந்நீருக்கு ஏற்பச் சிறிது மாறியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

“பார்த்தீர்களா, பழகிவிட்டது!” என்று நம் பழக்கவாதி துள்ளி எழுவார். அவர் சற்றுப் பொறுக்க வேண்டும். இங்கே பழகியது எது? தனியொரு சாலமாண்டர் உப்பைக் குடித்துக் குடித்து உறுதி பெற்றுவிடவில்லை. தாங்க முடியாதவை மடிந்தன, தாங்கியவை எஞ்சின, எஞ்சியவற்றின் சந்ததியே இன்று நீந்துகிறது. இயற்கையில் ஓர் இனம் பழகியது என்று நாம் சொல்லுவதன் உண்மையான கணக்கு இதுதான். நீந்துபவற்றை மட்டும் பார்க்கிறவனுக்குக் குட்டை நல்ல குட்டையாகவே தோன்றும். அடியில் அழுகிப்போன முட்டைகள் யாரிடம் முறையிடும்? அன்றியும், இவ்வளவு விலை கொடுத்துப் பழகிய பின்னரும் அக்குட்டையில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை மடிந்துகொண்டுதான் இருந்தன. பழக்கம் நஞ்சை அமுதமாக்கிவிடவில்லை.

தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவனுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். காலைப் பெரட்டில் வந்து நிற்பவர்களின் பெயருக்கு நேராகத்தான் செக்ரோலில் குறி விழும். நோயாளியாகிப் போனவனின் பெயர் அடுத்த மாதம் அடிக்கப்படும். அதற்கடுத்த மாதம் அப்பெயர் எழுதப்படவே மாட்டாது. ஆகவே செக்ரோலை மட்டும் புரட்டிப் பார்க்கிறவர், இந்த வேலையை எல்லோரும் தாங்குகிறார்கள் என்றே முடிவு செய்வார். தாங்காதவர்கள்தாம் ஏட்டிலேயே இல்லையே! உயிரோடிருப்பவனைச் சாட்சிக்கு அழைத்து மாண்டவனின் வழக்கைத் தீர்ப்பது என்ன நீதி?

இனி அதே குட்டையின் மற்றொரு குடியைப் பார்ப்போம். காட்டுத் தவளையைப் பற்றிய முடிவு 2013 இல் வெளிவந்தது. அதே உப்பு, அதே சாலை, அதே நீர். ஆனால் சாலையோரத் தவளையின் குஞ்சுகள் தம் சொந்தக் குட்டையிலேயே, அயலிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட காட்டுக் குஞ்சுகளைவிட மோசமாகப் பிழைத்தன. தலைமுறைகளாகப் பட்ட கஷ்டம் இவற்றுக்கு உறுதியைக் கொடுக்கவில்லை. இருந்த உறுதியையும் அரித்துவிட்டது. “துன்பம் மனிதனைப் புடம் போடும்” என்று மேடையில் முழங்குவோர் இத்தவளையைச் சிறிது நினைத்துப் பார்க்கட்டும். ஒரே நெருப்பில் ஒன்று புடமாகிறது, ஒன்று சாம்பலாகிறது. எது எவ்வாறு ஆகும் என்று முன்கூட்டி அறியாத நாம், பிறருடைய குழந்தைகளை அந்த நெருப்பில் போட்டுப் பார்க்க யார் அதிகாரம் அளித்தார்கள்?

இன்னொரு தடையும் எழுப்பப்படலாம். நம் மலாயாக் கடலோரக் கண்டல் காடுகளில் நண்டு தின்னும் தவளை ஒன்று உப்புநீரிலும் வாழ்கிறதல்லவா? வாழ்கிறது. அது தன் இரத்தத்தில் யூரியா என்னும் கழிவுப் பொருளைத் தேக்கி வைத்துக்கொண்டு, உப்பு தன் உடலின் நீரை உறிஞ்சிவிடாதபடி காத்துக்கொள்கிறது. ஆனால் அந்தத் திறமை எண்ணற்ற தலைமுறைகள் கடந்து வந்தது. நேற்றுச் சாலை போட்டு, இன்று உப்பைத் தூவி, நாளைக்குள் பழகிக்கொள் என்று கட்டளையிடுவது இயற்கையின் முறையன்று; அது மனிதனின் அவசரம்.

கஷ்டம் நீங்கினால் என்ன நடக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மீன் சாட்சி சொல்லுகிறது. நம் ஊர்ச் சாக்கடைகளில் கொசுப் புழுவைத் தின்று திரியும் கப்பி மீனின் தாயகங்களுள் ஒன்று டிரினிடாட் தீவு. 1845 முதல் 1917 வரை கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் சென்ற கரும்புத் தீவும் அதுவே. அத்தீவின் மலையாறுகளில், அருவிக்குக் கீழே கப்பியைத் தின்னும் பெரிய மீன்கள் உண்டு. அங்குள்ள கப்பிகள் இளமையிலேயே பருவமடைந்து, சிறிய குஞ்சுகளை ஏராளமாக ஈனும். நாளை உயிரோடிருப்போமா என்ற நிச்சயமில்லாத வாழ்வு அது. 1976 இல் ஜான் எண்ட்லர் என்ற விஞ்ஞானி அவற்றுள் சிலவற்றை, பெரிய பகைமீன் இல்லாத ஓர் ஓடைக்கு மாற்றினார். பதினோரு ஆண்டுகளின் பலனை டேவிட் ரெஸ்னிக் என்பவரும் அவரும் பிறரும் 1990 இல் வெளியிட்டனர். ஓடைக் கப்பிகள் தாமதித்துப் பருவமடைந்தன. குறைவான, ஆனால் பெரிய குஞ்சுகளை ஈன்றன. “அவற்றின் பிறவிக் குணமே அப்படித்தான்” என்று கருதப்பட்டிருக்கக் கூடியது, பகை நீங்கியதும் பத்தாண்டுக் காலத்தில் மாறிவிட்டது.

இவ்வுவமையை அளவுக்கு மீறி நீட்டுவது தவறு. மீனில் நடந்தது பரம்பரையில் நிகழ்ந்த மாற்றம். மனிதருள் இன்ன சாதி உழைக்கப் பிறந்தது, இன்ன சாதி ஆளப் பிறந்தது என்பதற்கு இதில் அணுவளவும் இடமில்லை. மனித இனம் ஒன்றே. எந்தச் சாதியின் நுரையீரலும் நஞ்சுக்கு விலக்குப் பெற்றதன்று. மனிதனுக்கும் சாலமாண்டருக்கும் உள்ள பெரிய வேறுபாடு வேறொன்று. சாலமாண்டர் குட்டைக்குத் தக்கபடி தான் மாற வேண்டும். அல்லது மடிய வேண்டும். மனிதனோ குட்டையையே மாற்ற வல்லவன். அதற்கு அவன் தலைமுறைகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சட்டம் போதும். அச்சட்டத்தைக் கேட்டு வாங்கும் ஒற்றுமை போதும்.

மலேசியத் தோட்டங்களில் நம் பெண்கள் பலர் அடித்த பாரகுவாட் என்னும் களைக்கொல்லியின் கதையே இதற்குச் சான்று. 2002 இல் அதைத் தடை செய்ய அரசாங்கம் முடிவெடுத்தது. 2006 இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி 1 முதல்தான் அது முற்றாக விலக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் எந்தப் பெண்ணின் உடம்பும் அந்த நஞ்சுக்குப் “பழகி” விடவில்லை. பழகாத உடம்புகளுக்காகப் பேசியவர்கள் இருந்தார்கள். அதனால்தான் தகரத்துக்குள் இருந்தது மாறிற்று. இன்று நம்மவர் விட்டுப்போன பல வேலைகளைக் கடல் கடந்து வந்த வேற்று நாட்டார் செய்கின்றனர். அவர்களைக் கண்டு, “அந்த நாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் பழக்கம்” என்று நம்முள் சிலரே சொல்லுவது எவ்வளவு வெட்கக்கேடு! நம் பாட்டன்மாரைப் பற்றித் துரைமார் சொன்ன அதே வாக்கியமன்றோ அது?

அன்பர்களே! “தாங்குகிறான்” என்பது ஒரு செய்தி. “தாங்கத்தான் வேண்டும்” என்பது ஒரு தீர்ப்பு. செய்தியிலிருந்து தீர்ப்புக்குத் தாவும் அந்த ஓர் அடியில்தான் அநியாயம் நுழைகிறது. இனி யாரேனும் “அவர்களுக்குப் பழக்கம்” என்று சொன்னால், நாம் கேட்க வேண்டியவை இரண்டு: பழகாதவர்கள் எங்கே போனார்கள்? குட்டையில் உப்பைப் போடுவது யார்?