பிள்ளைகளின் மனத்துயரும் நம் கடமையும்

 



மதீனா நகரில் ஹஜ்ரத் அபூதல்ஹா (ரலி) அவர்களுடைய இல்லத்தில் ஒரு சிறு பையன் இருந்தான். ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்களுக்குத் தாய்வழித் தம்பி. அபூ உமைர் என்று அவனை அழைப்பார்கள். ஒரு சின்னஞ்சிறு குருவியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான், அது செத்துப்போயிற்று. அந்த வீட்டுக்கு வருகை தந்த நாயகம் (ஸல்) அவர்கள் பையன் வாடியிருப்பதைக் கண்டார்கள். அவனுக்கு என்ன நேர்ந்தது என்று வீட்டாரிடம் கேட்டறிந்தார்கள். பிறகு அவனிடமே, பெரிய மனிதரை அழைப்பதுபோல் பெயர் சொல்லி அழைத்து, குருவியைப் பற்றி விசாரித்தார்கள். இந்தச் செய்தி ஹதீது நூல்களில் வந்திருக்கிறது.

இதைப் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டுச் சிரித்துவிட்டு எழுந்து போயிருக்கிறோம். சற்றே நின்று யோசிக்க வேண்டாமா? ஒரு சமுதாயத்தின் பாரம் முழுவதையும் தோளில் சுமந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு குழந்தையின் முகம் வாடியிருப்பது கண்ணில் பட்டது. "குருவிதானே, வேறொன்று பிடித்துத் தருகிறேன்" என்று சொல்லவில்லை. "ஆண்பிள்ளை அழலாமா?" என்றும் அதட்டவில்லை. அந்தப் பையனுக்கு எது பெரிய நஷ்டமோ அதைப் பற்றியே அவனிடம் பேசினார்கள்.

நம் நிலை என்ன? ஸுபுஹு தொழுதுவிட்டுக் கடை திறந்தால், இஷா முடிந்து கணக்கைக் கட்டி வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். எந்தச் சரக்கு எத்தனை மூட்டை இருக்கிறது, எந்த வாடிக்கையாளர் எவ்வளவு பாக்கி என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். மகன் கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தான் என்று கேட்டால் திணறுவோம். சம்பாதிப்பதே அவர்களுக்காகத்தான் என்பீர்கள். உண்மைதான், ஹலாலான சம்பாத்தியம் இபாதத்து. ஆனால் அந்தக் கூலியை வாங்கிக்கொள்ளும் நிலையில் பிள்ளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதும் நாம்தானே?

கணக்கு நமக்குப் பழக்கம். ஆகவே ஒரு கணக்கு. மலேசிய சுகாதார அமைச்சு 2022-ஆம் ஆண்டில் நாடெங்கும் 13 முதல் 17 வயது வரையுள்ள பள்ளி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. நான்கு பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தது. பத்துப் பேரில் ஏறக்குறைய ஒருவர், தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றதாக எழுதியிருந்தார்கள். அல்லாஹ் காப்பாற்றுவானாக! நாற்பது பேர் படிக்கும் வகுப்பு என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். முதல் கணக்குக்குப் பத்துப் பிள்ளைகள், இரண்டாவது கணக்குக்கு நான்கு. அவர்கள் எல்லாரும் பிறர் வீட்டுப் பிள்ளைகளாகவே இருப்பார்களா?

இந்த அம்பாங்கானிலும் சிரம்பானைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நம்முடைய வாடிக்கையாளர்களில் பலர் ஒரு காலத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்தார். தோட்டங்கள் துண்டாகி வீட்டுமனைகளாயின. லயத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்கு வந்தார்கள். லயத்தில் ஒரு பிள்ளை அழுதால் பத்து வீட்டுக்குக் கேட்கும், எவளாவது ஓர் அத்தையோ பாட்டியோ வந்து தூக்கிக்கொள்வாள். அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. தாயும் தகப்பனும் இரண்டு ஷிப்டு ஆலை வேலை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளை மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போய், முதல் நாள் வாய் திறந்ததும் உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ இதற்கு மேல் மாலையில் குர்ஆன் மத்ரஸா, இரவில் டியூஷன். (உஸ்தாதுமார்கள் கோபிக்க வேண்டாம். நாமும் மத்ரஸாவில் ஓதி வளர்ந்தவர்கள்தான். பிரம்பு குறைந்தால் ஓதல் குறைந்துவிடாது என்பது நம் அபிப்பிராயம்.)

யு.பி.எஸ்.ஆர். பரீட்சையை 2021-இலும் பி.டி.3 பரீட்சையை 2022-இலும் அரசாங்கம் எடுத்துவிட்டது. நம் நாக்கிலிருந்து "எத்தனை ஏ?" என்ற கேள்வியை யாரும் எடுக்கவில்லை. கலியாண வீட்டில் பிரியாணித் தட்டுக்கு முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் நாலு பேர் நடுவே அதைத்தான் முதலில் கேட்கிறோம்.

"ஈமான் பலமாக இருந்தால் மனத்துயர் ஏன் வருகிறது? தொழுகையில்லாததால் வந்த கேடு" என்று சிலர் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களிடம் பணிவாய்க் கேட்கிறோம்: நபி யஃகூப் (அலை) அவர்களுக்கு ஈமான் குறைந்தா போயிற்று? மகன் யூஸுபை நினைத்து அழுது அழுது அவர்களுடைய கண்கள் வெளுத்துப்போனதைத் திருமறை சொல்லுகிறது; அதற்காக அல்லாஹ் அவர்களைக் கண்டிக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் கதீஜா நாயகியையும் பெரிய தந்தை அபூதாலிபையும் ஒரே ஆண்டில் இழந்தார்கள்; அந்த ஆண்டுக்கே துக்க ஆண்டு என்று பெயர் வந்தது.

மர்யம் (அலை) அவர்களின் சரித்திரத்தைப் பாருங்கள். ஊரார் பேச்சுக்கு அஞ்சி, ஒதுங்கி, பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் இருந்தபோது, இதற்கு முன்பே செத்திருக்கக் கூடாதா என்று வேதனைப்பட்டார்கள். அப்போது கிடைத்த பதில் என்ன? துயரப்பட வேண்டாம் என்ற ஆறுதல் முதலில் வந்தது. காலடியில் நீரோடை காட்டப்பட்டது. மரத்தை உலுக்கினால் பழம் விழும், உண்ணுங்கள், பருகுங்கள், கண் குளிருங்கள் என்று சொல்லப்பட்டது. மனிதர்களிடம் அன்று பேசவேண்டியதில்லை என்றும் சலுகை கிடைத்தது. "இப்படியா பேசுவது?" என்ற அதட்டல் இல்லை. செத்துப்போனால் நன்றாயிருக்கும் என்று ஒரு பிள்ளை சொன்னால், அன்று நாம் செய்யவேண்டியதும் இதுவே. கிட்டப் போய் உட்காருங்கள். சாப்பிட வையுங்கள். தூங்க வையுங்கள். ஊராரின் கேள்விகளிலிருந்து காப்பாற்றுங்கள்.

நம்மவர்களைத் தடுப்பது பெரும்பாலும் மார்க்கம் அல்ல, வெட்கம். "வெளியே தெரிந்தால் கடைப்பெயர் கெடும், நாளைக்குச் சம்பந்தம் பேச யார் வருவார்?" என்கிறோம். நமக்குத் தெரிந்த ஒரு வியாபாரி. ஊரையும் பேரையும் சொல்லவில்லை. படிவம் மூன்றில் படித்த அவர் மகனுக்குத் திங்கட்கிழமை காலையானால் வயிற்றுவலி. மூன்று முறை கிளினிக்குக்குக் கொண்டுபோனார். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். ஓதிய தண்ணீர் கொடுத்தார், அடித்தும் பார்த்தார். கடைசியில் தாயார் ஓர் இரவு பையன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். விடியும் நேரத்தில்தான் வாய் திறந்தான். பள்ளியில் சில பையன்கள் ஒரு வருஷமாக அவனைப் படுத்திய பாடு வெளிவந்தது. பிறகு பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடம் சொன்னார்கள்; மனநல மருத்துவரையும் பார்த்தார்கள். சில மாதம் சென்றது. இப்போது பையன் சனிக்கிழமைகளில் கல்லாவில் உட்காருகிறான், பாக்கி சில்லறையைத் தகப்பனாரைவிடக் கறாராக எண்ணுகிறான்.

மறைத்து வைப்பதன் கடைசி எல்லை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் இராமநாதபுரம் ஜில்லாவிலேயே சாட்சி உண்டு. ஏர்வாடியில், ஸுல்தான் ஸையித் இப்ராஹீம் ஷஹீத் (ரஹ்) அவர்களின் தர்காவைச் சுற்றி, மனநோயாளிகளை வைத்துக்கொள்ளும் தனியார் விடுதிகள் பல இருந்தன. குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் அவ்விடுதிகளில் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளேயிருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட வழியில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களில் யாரோ ஒருவரும் ஒரு காலத்தில் திங்கட்கிழமை வயிற்றுவலி என்று அழுத பிள்ளையாக இருந்திருக்கலாம்.

அந்தச் செய்தி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. 2017-இல் இந்தியாவில் வந்த மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே 'தவா - துஆ' என்ற திட்டத்தை அரசாங்கம் ஏற்படுத்தியது. குஜராத்தில் ஒரு தர்காவில் முன்பே நடந்துவந்த முறை அது. துஆச் செய்ய வருபவர் துஆச் செய்யட்டும், அங்கேயே மருத்துவரும் இருப்பார், மருந்தும் கிடைக்கும். ஓதிப் பார்ப்பதை நாம் குறை கூறவில்லை. அதோடு நின்றுவிடுவதைத்தான் சொல்லுகிறோம். நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான், வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்களே, மனநோய்க்கு மட்டும் அதில் விதிவிலக்கா இருக்கிறது?

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வைத்தியம் என்று எண்ணுவோரும் உண்டு. பல்கு நகரத்து அபூ ஸைது அல்-பல்கீ என்ற அறிஞர் கி.பி. 934-இல் காலமானார். உடல்நலம், உள்ளநலம் இரண்டையும் ஒரே நூலில் எழுதியவர் அவர். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமே தெரியாமல் உடலிலிருந்து எழும் துயரம் வேறு என்று அன்றே பிரித்துச் சொன்னார். முன்னதற்குப் பேச்சும் ஆறுதலும், பின்னதற்கு மருந்தும் வேண்டும் என்றார். வைத்தியர்கள் உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்று கடிந்தும் இருக்கிறார். கெய்ரோவில் ஸுல்தான் கலாவூன் 1284-இல் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. துருக்கியில் எதிர்னே நகரில் 1488-இல் ஸுல்தான் பாயஸீது கட்டிய மருத்துவமனையில் நீரோசையும் இசையுமே மருந்தாக இருந்தன. நம் முன்னோர் வக்பு சொத்தை இதற்கெல்லாம் எழுதி வைத்தார்கள்.

இனிக் காரியத்துக்கு வருவோம். பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்தே இருக்கிறதா, தூக்கம் கெட்டதா அல்லது எந்நேரமும் தூங்குகிறதா, சாப்பாடு குறைந்ததா, பிடித்த விளையாட்டை விட்டதா, தொட்டதற்கெல்லாம் சீறுகிறதா, பள்ளி என்றாலே தலைவலி வருகிறதா, கவனியுங்கள். "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்ற சொல் வந்தாலோ, தனக்குப் பிரியமான சாமான்களைப் பிறருக்குக் கொடுத்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். "சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று நேரே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் உண்டாகிவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்று பிள்ளை மூச்சுவிடும் என்பதே மருத்துவர்கள் கண்ட அனுபவம். ஆம் என்று சொன்னால் தனியே விடாதீர்கள். வீட்டில் உள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இடைநிலைப்பள்ளிகளில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். கட்டொழுங்கு ஆசிரியர் வேறு, இவர் வேறு. தண்டிப்பது இவர் வேலையல்ல. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கிருந்து சிரம்பான் துவாங்கு ஜஃபார் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். பிஃப்ரெண்டர்ஸ் என்ற சங்கத்தார் 1970 முதல் கோலாலம்பூரில் தொலைபேசி வழியே மனக்கஷ்டம் கேட்டு வருகிறார்கள். சுகாதார அமைச்சின் எண் 15555.

போலீசுக்குப் பயந்து மறைத்தவர்களும் உண்டு. அந்தப் பயமும் இப்போது வேண்டியதில்லை. உயிரைப் போக்கிக்கொள்ள முயல்வதைக் குற்றமாக்கி ஓராண்டு வரை சிறையிட இடங்கொடுத்த 309-ஆம் பிரிவை மலேசிய நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது.

தற்கொலை ஹராம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அப்படியொரு துயரம் நடந்துவிட்ட வீட்டுக்குப் போய் நரகத்தைப் பற்றிப் பேச நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? ஹஜ்ரத் துஃபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்களோடு ஹிஜ்ரத் செய்து வந்த ஒருவர், மதீனாவில் நோயுற்று, வேதனை தாளாமல் தம் விரல் கணுக்களை வெட்டிக்கொண்டு இறந்தார். துஃபைல் (ரலி) அவரைக் கனவில் நல்ல நிலையில் கண்டார்கள். கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. இதைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், அவருடைய அந்தக் கைகளையும் மன்னிக்கும்படி அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள் என்று முஸ்லிம் ஷரீபில் வந்திருக்கிறது. அந்த வீட்டுத் தாய்க்கும் தகப்பனுக்கும் நாம் கொண்டுபோக வேண்டியது அந்த துஆதான். கூடவே மூன்று நாள் சாப்பாடும், நாற்பது நாள் கழித்தும் ஒரு முறை போய் உட்கார்ந்து வருவதும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு, ஓர் ஆலோசக ஆசிரியரையோ மருத்துவரையோ நம் மண்டபத்துக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். பெண்களுக்கும் இடம் ஒதுக்குங்கள். வீட்டில் முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள்தான். தேத்தண்ணீர்ச் செலவை வியாபாரிகள் நாம் பார்த்துக்கொள்ளலாம்.

15555 என்ற எண்ணை நம் கடையில் தமிழிலும் மலாயிலும் எழுதி, மிட்டாய்ப் புட்டிகளுக்குப் பக்கத்தில், பள்ளிப் பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக ஒட்டியிருக்கிறோம். எழுதிய அட்டை இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. வேண்டியவர்கள் ஜும்ஆ முடிந்து வந்து வாங்கிக்கொள்ளலாம்.